மாத்திரை சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கணும்

அம்மாபேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. நைட் டூட்டி முடிந்து வார்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது "பேஷன்ட் ஏட் ஹிஸ் டேப்லெட்ஸ்" என்று சொன்னாயாம், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்களாம். சொல்லும்போதே உனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக யோசித்து, எழுதினால்தான் சரியாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு இங்கிலீஷ் வரும். வராவிட்டால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.யில் தேறி இங்கிலாந்தில் லீட்ஸ் வரைக்கும் போயிருக்க முடியாது. 'ஏட்' உனக்குத் தெரிந்த சொல், 'டேப்லெட்'டும் தெரிந்த சொல். அந்த இரண்டும் அந்த ஊரில் ஒன்றோடு ஒன்று சேராது, அவ்வளவுதான் சங்கதி. டேப்லெட் பக்கத்தில் 'டேக்'தான் வரும். நாம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதனால் 'ஏட்' என்று உன் வாயில் வந்துவிட்டது.

தெரு முனை டீக்கடையில் இரண்டு வருடமாக ஒரு வங்காளத்துப் பையன் வேலை செய்கிறான். வந்த புதிதில் ஒருநாள் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது முதலாளியிடம், "அண்ணா, பீடி சாப்பிட்டு வர்றேன்" என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அப்புறம்தான் விசாரித்தேன். அவன் பாஷையில் சோறு, தண்ணீர், பீடி எல்லாவற்றுக்கும் ஒரே வினைதானாம், சாப்பிடுகிறதுதானாம். அவன் தமிழைக் கெடுக்கவில்லை. அவன் வீட்டு வழக்கத்தை நம் சொற்களில் சொன்னான். நீ செய்ததும் அதேதான்.

அந்தப் பையனிடம் நான் சொல்லிக்கொடுக்கப் போனபோது எனக்கே ஒன்று புரிந்தது. "தண்ணீர் சாப்பிடக் கூடாது தம்பி, குடிக்கணும்" என்றேன். "காப்பி சாப்பிடுறீங்களான்னு கேக்கறீங்களே சார்" என்றான். உண்மைதானே! காப்பி சாப்பிடலாம், டீ சாப்பிடலாம், மாத்திரை சாப்பிடலாம், தண்ணீர் மட்டும் குடிக்கணும். ஏன் என்று கேட்டால் முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியனாக இருந்த என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. அப்படித்தான் சொல்கிறோம்.

நம் இலக்கணத்தில் இதற்கு மரபு என்று பெயர். ஒரு பொருளைப் பெரியவர்கள் எந்தச் சொல்லால் எப்படிச் சொல்லி வந்தார்களோ அப்படிச் சொல்வதுதான் மரபு என்கிறது நன்னூல். அதற்கு மேல் காரணம் கேட்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன்! கூடை முடைந்தான், பாய் பின்னினான், சுவர் எழுப்பினான், பூப் பறித்தான், அம்பு எய்தான். தென்னைக்குக் கீற்று, பனைக்கு ஓலை, தாழைக்கு மடல், வேம்புக்குத் தழை. குட்டிகளின் பெயர்களோடுதான் தொல்காப்பியத்தில் மரபியல் தொடங்குகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை என்று தொடங்கி ஒன்பது பெயர்கள். யானைக்கும் மாட்டுக்கும் கன்று என்கிறது. ஆங்கிலத்திலும் அந்த இரண்டுக்கும் ஒரே சொல், 'காஃப்'. அதைக் கவனித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் இலக்கணப் புத்தகம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் உங்கம்மா வேலையாக இருக்கிறாள். சோறு ஆக்குகிறாள், குழம்பு வைக்கிறாள், சட்னி அரைக்கிறாள், அப்பளம் பொரிக்கிறாள். மாலையில் வடை சுடுவாள், காப்பி போடுவாள். நாளைக்குக் களி கிண்டுவாளாம். தோசை ஊற்றணும், முறுக்கு சுற்றணும், கூழ் காய்ச்சணும், கீரை கடையணும். இத்தனைக்கும் அங்கே பெரும்பாலும் 'மேக்' ஒன்றே போதும். மேக் ரைஸ், மேக் காபி, மேக் தோசை. வெள்ளைக்காரர் ஒருவர் இங்கே வந்து "ரசம் சுட்டீங்களா?" என்று கேட்டால் உங்கம்மா சிரிக்கத்தான் செய்வாள். சிரித்துவிட்டு அவருக்கு ரசம் ஊற்றிச் சோறு போடுவாள். இத்தனை வினைகளையும் உனக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டாய். அந்தக் காது இன்னும் உன்னிடம் இருக்கிறது கண்ணு.

எதிர்வீட்டுத் தறிக்காரரிடமும் இதே கதைதான். பாவு ஓடணும், தார் சுற்றணும், அறுந்த இழையைப் பிணைக்கணும், சேலை நெய்யணும். "சேலை செய்கிறேன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்படிச் சொல்லோடு சொல் சேர்வதற்கு அங்கே 'கொலொகேஷன்' என்று பெயர். அந்தப் பெயரை மொழியியலில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஜே. ஆர். ஃபர்த். 1890இல் கீத்லி என்ற ஊரில் பிறந்தவர். லீட்ஸிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தூரம்தான், லீவு கிடைத்தால் போய்ப் பார். இந்த ஃபர்த் 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதினார். நம் ழகரத்தையும் றகரத்தையும் காது கொடுத்துக் கேட்ட மனிதர். ஒரு சொல்லின் பொருளை அது யாரோடு பழகுகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று 1957இல் அவர் எழுதியது இன்றைக்கும் பேசப்படுகிறது. அவர் வழியில் வந்த மைக்கேல் ஹாலிடே ஒரு நல்ல உதாரணம் காட்டினார். டீ என்றால் 'ஸ்ட்ராங்', கார் என்றால் 'பவர்ஃபுல்'. இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் 'பவர்ஃபுல் டீ' என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இவர்களுக்கு முன்பே, ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்துகொண்டு டோக்கியோவில் இருந்த ஹெரால்டு பாமர் 1933இல் இப்படிப்பட்ட சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கை கொடுத்தார். ஜப்பானியப் பிள்ளைகளும் உன்னைப் போலவே தடுமாறியிருக்கிறார்கள், அதனால்தான் அது தேவைப்பட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்கெங்கே இடறக்கூடும் என்று யோசித்துப் பார்த்தேன். நாம் 'பண்ணு' என்ற ஒன்றை வைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டுகிறோம். தப்புப் பண்ணு, உதவி பண்ணு, சத்தியம் பண்ணு. அங்கே அது இரண்டாகப் பிரிந்துவிடும். தப்புக்கும் சத்தியத்துக்கும் 'மேக்', உதவிக்கு 'டூ'. படுக்கையைச் சரிசெய்து விரிப்பதும் 'மேக்'தான், பாத்திரம் கழுவுவது 'டூ'. ஊசியை நாம் போடுகிறோம், அவர்கள் 'கிவ்' பண்ணுகிறார்கள். நாம் பரீட்சை எழுதுகிறோம், அவர்கள் 'சிட்' என்பார்கள். "ஐ ரோட் தி எக்ஸாம்" என்றால் கேள்வித்தாளைத் தயாரித்தது நீதான் என்று அங்கே சிலர் நினைத்துக்கொள்ளக்கூடும். பொய்க்கு 'டெல்', 'சே' வராது. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, வெயிலும் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது. அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்', ஓட்டத்தில் போய்விடுகிறது.

மழைக்கு நீ 'ஸ்ட்ராங் ரெயின்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', மூடுபனிக்கு 'திக்'. நம் செய்திகளில் 'கனமழை' என்று வருகிறதே, அதை நினைத்துக்கொள், 'ஹெவி' மறக்காது. உனக்குப் பத்து வயதில் ஏற்காட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டாவது வளைவோ பதின்மூன்றாவதோ, சட்டென்று எதிரே ரோடே தெரியவில்லை. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்தார். நீ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அம்மாயி, பனி ஊத்துது" என்றாய். அம்மாயி உன் கையை உள்ளே இழுத்துவிட்டு, "பனி ஊத்தாது சாமி, இறங்கும்" என்றார். மலை இறங்குகிறவரைக்கும் அதையே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாய். அப்புறம் ஒருநாளும் நீ 'ஊத்துது' என்று சொல்லவில்லை. அந்த மலையின் 20 வளைவுகளையும் 'கொண்டை ஊசி வளைவு' என்கிறோமே, அது 'ஹேர்பின் பெண்ட்' என்ற சோடியை அப்படியே தமிழில் கொண்டுவந்தது. சில சோடிகள் கடல் தாண்டியும் பிரியாமல் வந்துவிடுகின்றன.

இன்னும் சில இடங்களில் இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசிக்கின்றன. கட்டணம் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம், மரியாதையும் செலுத்துகிறோம். அங்கேயும் மூன்றுக்கும் 'பே'தான். பஸ்ஸை நாமும் பிடிக்கிறோம், அவர்களும் பிடிக்கிறார்கள். சளி மட்டும் திசை மாறும். இங்கே சளி நம்மைப் பிடிக்கிறது, அங்கே மனிதன் போய்ச் சளியைப் பிடிக்கிறான்.

ஒன்றே ஒன்றை மட்டும் நீ ரொம்பக் கவனமாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 'பிரேக் தி நியூஸ்' என்பது அது. நமக்குப் 'போட்டு உடைப்பது' என்றால் யோசிக்காமல் பட்டென்று சொல்வது. அங்கே துக்கச் செய்தியை ஒருவருக்கு முதன்முதலில் சொல்வதற்குத்தான் 'பிரேக்' என்கிறார்கள், அதோடு 'ஜென்ட்லி'யையும் சேர்ப்பார்கள். மருத்துவத்தில் அதைப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். உன் வேலையில் அந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். உடைப்பது என்று கேட்டு நீ பதறிவிடக் கூடாது.

உன் அப்பாயி போன இரவு எனக்கு ஞாபகம் வருகிறது. நீ அப்போது பிளஸ் டூ. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உன் இப்போதைய வயதுகூட இருக்காது அந்த நர்ஸுக்கு. நின்றபடி சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அய்யா, அம்மா தவறிட்டாங்க. கடைசியில கஷ்டப்படல" என்றது அந்தப் பொண்ணு. 'தவறிட்டாங்க' என்ற அந்தச் சொல்லை நான் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் கையைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருந்தது. நீ நர்ஸிங் படிக்கிறேன் என்று கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசாததற்கு அந்தப் பொண்ணும் ஒரு காரணம். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்குகிற அளவு போதும். புதுச் சொல் காதில் விழுந்தால் தனியாக எழுதாதே, முன்னாலும் பின்னாலும் என்ன வந்தது என்று சேர்த்து எழுது. 'வூண்ட்' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. 'டிரெஸ் தி வூண்ட்' என்று எழுது. 'பிளட்' என்று எழுதாதே, 'டேக் சம் பிளட்' என்று எழுது. அந்த வார்டில் இருக்கிற வயதானவர்கள் பேசுவதைக் கேள். அவர்களுக்கு உன்னிடம் பேச நேரம் இருக்கும், உனக்குக் கேட்கக் காது இருக்கிறது. தமிழில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்றாமல், சோடியாகவே எடுத்து வைத்துக்கொள். சிரித்தவர்களிடம் கோபம் வேண்டாம். ஆனால் சரியாக எப்படிச் சொல்வது என்று அவர்களிடமே கேட்டுவிடு.

டீக்கடைப் பையன் இப்போது "சார், தண்ணி குடிங்க, டீ சாப்பிடுங்க" என்று சரியாகப் பிரித்துச் சொல்கிறான். நேற்று, "மழை புடிச்சிக்கிச்சு சார், உள்ள வாங்க" என்றான். அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லித் தரவில்லை.

உங்கம்மா தட்டுவடை கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் லீட்ஸ் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்து செட் போட, காரச் சட்னியை அரைத்து, பீட்ரூட்டும் கேரட்டும் அங்கே நீயே துருவிக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. நீ எழுதினதில் ஐந்தையாவது வாசித்துக் காட்டு, நானும் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா