சாளைச் சட்டியை இறக்கிவைத்த அம்மாவுக்கு

டிராக்டர் முற்றத்தில் நிற்கிறது. நேற்று இரவு ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தது. இன்னும் கழுவவில்லை. ரேடியேட்டர் வலையில் சேறு காய்ந்து வெடித்து, தட்டினால் சில்லு சில்லாக உதிர்கிறது. என் தம்பி மகன் அதன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுத் தூங்குகிறான். இரவில் நான்கு முறை எழுந்துபோய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வயதுப் பையனைத் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் இரண்டு முறை எழுந்தாள்.

நேற்று என் டிராக்டர் நெல்வயல் சேற்றில் புதைந்துபோனதை நான் விளக்கவேண்டிய தேவை இல்லை. சுசீந்திரம் முதல் பறக்கை வரை தெரியாதவர் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பாதவரும் இல்லை போலிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து மைத்துனர் கூப்பிட்டு, “அத்தான், டிராக்டரை நட்டிருக்கிறீர்களாமே, அறுவடை எந்தப் பூவில்? கன்னிப்பூவா, கும்பப்பூவா?” என்று கேட்டார். (பூ என்றால் எங்கள் பக்கத்தில் நெல் போகம்.) அந்த நேரத்தில் அவரை அடிக்கத் தோன்றியது. இன்று காலையில் நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்க முடிகிறது என்பதே பெரிய காரியம்.

இந்த மடலை எழுதக் காரணம் ஒன்றுதான். கால்வாய்க் கரையில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அம்மாவைப் பார்த்து நான் கத்தினேன். மன்னிப்பைத் தனியாகக் கேட்டுவிட்டேன். அவரும் “அதை விடு மக்களே” என்று சொல்லிவிட்டார். ஆனால் கத்தியது ஊருக்கு முன்னால்தானே? ஆகையால் இதுவும் ஊருக்கு முன்னால் இருக்கட்டும்.

அவர் மணக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் அவரிடம் மீன் வாங்காத வீடு குறைவு. நான் வாங்குவது சாளை, நெத்திலி, கிடைத்தால் அயலை. பதினைந்து வருடமாக வாங்குகிறேன், விலையைத் தவிர வேறு எதையும் அவரிடம் பேசியதில்லை. அன்று காலை பத்து மணி இருக்கும். தலையில் அலுமினியச் சட்டியோடு கால்வாய்க் கரை வழியாக வந்துகொண்டிருந்தார்.

அப்போது எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. பின்னால் மாட்டியிருந்த, சேறு கலக்குகிற ரோட்டவேட்டரைக் கழற்றிப் போட்டாயிற்று. சேற்றுக்கு மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் சுற்றச் சுற்ற மண்ணைத் தோண்டிக்கொண்டு இன்னும் கீழே போனது. டி.பி.எஸ். 3 ரக நெல் நாற்று 28 நாளைத் தொட்டு, முற்றிக்கொண்டிருந்தது. நடவு ஆட்களுக்கு மறுநாளைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் வேலை செய்தது. தென்னந்தடி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்காகச் சங்கிலி போட்டுக் கட்டச் சொன்னேன். சக்கரம் சுற்றினால் தடி அடியில் போகும், வண்டி அதன்மேல் ஏறிவிடும் என்பது கணக்கு. அப்படிச் செய்து வெளியே எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எடுக்க முடியாமல் போனவர்கள் வந்து கதை சொல்வதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

பையன் கிளட்சை விட்டான். வண்டி முன்னே போகவில்லை. முன்சக்கரம் ஒரு முழம் மேலே எழும்பி, மறுபடி விழுந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அசைந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். “இன்னும் மிதி, இன்னும் மிதி” என்று கத்தினேன்.

அந்த அம்மாதான் கரையிலிருந்து, “வண்டியை அணை! மூக்கைத் தூக்குகிறது, பார்க்கவில்லையா?” என்று சத்தம் போட்டார்.

நான் திரும்பிப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உனக்கு இதில் என்ன வேலை? மீனை விற்றுவிட்டுப் போ.”

நீ என்றேன். என் அம்மா வயதுக்காரரை.

அவர் பதில் சொல்லவில்லை. சட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். இறக்கினார் என்று சொல்வதைவிடப் போட்டார் என்று சொல்லவேண்டும், விளிம்பு கல்லில் பட்டு நசுங்கியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். முழங்கால் மறைகிற தொளிச் சேற்றில் நாங்கள் எல்லாரும் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தோம். அவர் கடற்கரையில் நடக்கிற மாதிரி நேராக நடந்து, வண்டிக்குப் பக்கவாட்டில் போய், மட்கார்டில் உள்ளங்கையால் இரண்டு முறை அடித்தார். பையனைப் பார்த்து ஒரு கையை விரித்துக் கீழே தாழ்த்தினார். அவ்வளவுதான். நான் மிதி என்று கத்திக்கொண்டிருக்கிறேன், அவன் என்னைப் பார்க்காமல் ஸ்டாப்பர் குமிழை இழுத்துவிட்டான். பெரியப்பா சொல்லைத் தட்டாத பையன். அன்று ஒருநாள் தட்டினான், நன்றாயிருக்கட்டும்.

பிறகுதான் கேட்டேன், டிராக்டரைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. “டிராக்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அலையில் மூக்குத் தூக்கின வள்ளம் முன்னால் போகாது, பின்னால் மல்லாந்துவிடும். அதைப் பார்த்திருக்கிறேன்” என்றார். எங்கே பார்த்தார், யாருடைய வள்ளம் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது கேட்கத் தோன்றவில்லை.

இரவில் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். தடி மண்ணில் மாட்டிக்கொண்டால் சக்கரம் சுற்ற முடியாது. சக்கரம் சுற்ற முடியாவிட்டால், சக்கரத்தைச் சுற்றி வண்டி சுற்றும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ ஒன்றரை வினாடி போதும். ஓட்டுகிறவன் கிளட்சை மிதிக்கலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் இரண்டு டன் இரும்பு அவன் மேல் இருக்கும். இதை அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். என் தம்பி மனைவி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிரவில்லை.

அந்த அம்மா அதோடு போயிருந்தாலே ஏழு பிறவிக்குப் போதும். போகவில்லை. மடியிலிருந்து போனை எடுத்துக் கரமடி (கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை) இழுக்கிற தன் தம்பியைக் கூப்பிட்டார். அன்று கடல் சரியில்லாததால் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு ஆட்டோவில் ஏழு பேரும், ஆட்டோவின் மேல் சுருட்டிய வடமும் வந்து இறங்கின. உப்பு நாற்றம் அடிக்கிற, தொடைப் பருமனுக்குச் சுருண்டு கிடந்த கரமடி வடம்.

அவர்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்கவேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம் யாரும் வடத்தைத் தொடவே இல்லை. தடியையும் சங்கிலியையும் கழற்றி வீசினார்கள். வண்டியின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் மண்வெட்டியால் வாய் திறந்து, தண்ணீர் அடியில் ஓடும்படி செய்தார்கள். ஈரமணலில் உட்கார்ந்துபோன வள்ளத்துக்கும் இதே வைத்தியம்தானாம். சேறு வண்டியைப் பிடித்து வைப்பது பாரத்தால் மட்டும் இல்லை, அடியில் காற்றும் தண்ணீரும் புக வழியில்லாமல் கவ்விக்கொள்கிறது. கவ்வினதை இழுத்தால் வடம்தான் அறும். பின்சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாக வெட்டி, தென்னை மட்டையை அடுக்கினார்கள். வந்த வழியே பின்னால்தான் எடுக்கவேண்டும், முன்னால் எங்கே பள்ளம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வடத்தையும் மேலே எங்கும் கட்டவிடவில்லை, பின்பக்கத்துக் கீழ்க் கொக்கியில்தான் கட்டினார்கள். நம் ஊர் ஆட்களை வடத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நிறுத்தினார்கள். மணிக்கட்டில் சுற்றாதே என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

இத்தனையும் நடக்கும்போது அந்த அம்மா பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, நனைத்த சாக்கை மீன்மேல் போட்டு, காக்காயை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண் மீன்மேல், ஒரு கண் வடத்தின்மேல். நடுநடுவே, “மூன்றாவதாக நிற்கிற வெள்ளைச் சட்டை சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறான், இழுக்கவில்லை” என்று குரல் கொடுத்தார். வெள்ளைச் சட்டை யார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

பையன் ரிவர்ஸ் கியரில் மெதுவாக விட, இருபத்தைந்து பேர் ஒரே மூச்சில் சாய்ந்து இழுத்தார்கள். ஆறாவது இழுப்பில் பசு சேற்றிலிருந்து குளம்பைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

மற்றவர்களையும் சொல்லவேண்டும். கிளைக்கால்வாய் ஷட்டரை இறக்கிப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை எங்கள் மடைக்கு வராமல் நிறுத்தின கால்வாய்க் காவலர் லஸ்கர். தன் டிராக்டரை உதவிக்குக் கொண்டுவந்து, தானும் முக்கால் அடி இறங்கி, புத்திசாலித்தனமாக உடனே பின்வாங்கின கீழத்தெரு அண்ணாச்சி. வரப்பை வெட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்காமலே சொன்ன பக்கத்து வயல்காரர் (அவருக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, இனி பேசுவோம் என்று நினைக்கிறேன்). வாழைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த பையன்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்த வீடுகள். எல்லாருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம், யாருடைய பெயரையுமே போடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது இந்த வயல்பற்றில் ஒரு குரல் கொடுத்தால் ஐம்பது பேர் வரப்பில் எழுந்து நிற்பார்கள். இப்போது கிழக்கே தென்னை, மேற்கே வாழை, தெற்கே மனைக்கல். யார் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்தீர்கள்.

சாயங்காலத்துக்குள் சாளை தளர்ந்துவிட்டது. இனி விற்க முடியாது என்று அந்த அம்மாவே முடிவு செய்து, கால்வாய்க் கரை வீட்டில் கொடுத்துக் கறி வைக்கச் சொன்னார். வடம் இழுத்தவர்கள் எல்லாரும் மரச்சீனிக்குத் தொட்டுக்கொண்டது அந்தச் சாளைதான். நான் பணம் கொடுக்கப் போனேன். மொத்தமாக நீட்டினதை வாங்கவில்லை. சட்டியில் எத்தனை கூறு இருந்தது, கூறுக்கு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணி, அந்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பையிலேயே திணித்தார். நசுங்கின சட்டிக்குப் புதிது வாங்கித் தருகிறேன் என்றதற்கு, “விளிம்பு வளைந்தால் மீன் கீழே விழாது” என்றார். அவர் தம்பியும் ஆட்களும் ஆட்டோ வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் தொடவில்லை.

இனி என் வண்டியின் சக்கரத்தில் எந்தத் தடியும் ஏறாது. மழை விட்டு வயல் கால் தாங்குகிற அளவுக்கு இறுகாமல் எந்த வண்டியும் இறங்காது, நாற்று முப்பத்தைந்து நாள் ஆனாலும் சரி. இதை எழுதிவைக்கிறேன், மறந்தால் எடுத்துக் காட்டுங்கள். தடி கட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் நம் ஊரில் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஒருமுறை என் வீட்டுக்கு வந்து, அந்த மெக்கானிக் சொன்னதை என் தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்மா, வடம் எங்கள் கிணற்றடியில் காய்கிறது. மூன்று தண்ணீரில் அலசியும் புரிக்குள் போன சேறு வரவில்லை. கடல் தண்ணீரில் போட்டால் தானாகப் போகும், அப்படியே கொண்டுவா என்று சொன்னீர்கள். இருந்தாலும் இன்னொரு முறை அலசப் போகிறேன். நாளை மறுநாள் காலையில் பைக்கில் வருகிறோம். பையன் ஓட்டுவான், நான் பின்னால் வடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவேன்.