காட்டுப்பாதையில் வந்த அக்காவுக்கு நன்றி

பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். சாம்பல் நிறத் தொப்பி, கையில் ஊன்றுகோல். இவ்வளவுதான் நினைவில் நிற்கிறது.

செந்தட்டிச் செடி (ஆங்கிலத்தில் ஸ்டிங்கிங் நெட்டில்) பட்டு முன்கை முழுவதும் தீயாய் எரிந்தது. நான் தேய்க்கப் போனபோது "தேய்க்காதீங்க தம்பி!" என்று அதட்டியது நீங்கள்தான். அதன் முடிகள் நுனி உடைந்து தோலில் குத்தும் சிலிக்கா ஊசிகளாம். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்குமாம். எரிச்சலைக் கிளப்புவது அதிலிருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் என்றீர்கள். சோப்பு நீர் ஊற்றிக் கழுவி, டேப் ஒட்டி உரித்து எடுத்தீர்கள். மறுநாள் எரிச்சல் போயே போச்சு.

அதைவிடப் பெரிது, செடியருகே குனிந்து நீங்கள் நடத்திய பாடம். இலைகள் எதிரெதிர் ஜோடியாக, ரம்பப் பல் விளிம்போடு, அடியில் இதய வடிவில் இருக்கும். இலைக் காம்பிடுக்கிலிருந்து பச்சைநிறப் பொடிப் பூக்கள் சரம்சரமாகத் தொங்கும். பக்கத்திலேயே அச்சு அசல் அதேபோல இன்னொரு செடி. உதடு விரித்த பெரிய வெள்ளைப் பூக்கள். அது லேமியம், புதினாக் குடும்பம், கடிக்காது என்றீர்கள். நான் நம்பவில்லை. நீங்களே தடவிக் காட்டினீர்கள்!

தமிழில் காஞ்சொறி என்று சொல்லும் கொடியும் அரிக்கும்; ஆனால் அதன் இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும். இது நான் பிறகு படித்தது. உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது, அக்கா.