எலிப் பசை அட்டையை விற்காதீர்கள், அண்ணாச்சி

மதுரை மளிகைக் கடை, அரிசிக் கடை வியாபாரிகளுக்கு வணக்கம்.

எலி ஒரே ராத்திரியில் மூட்டையைக் குதறிவிடும், நஷ்டம் உங்கள் தலையில்தான் விடியும். அதனால் எலியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பசை அட்டையை வைக்காதீர்கள், விற்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதில் மாட்டும் எலியே அணு அணுவாகத்தான் சாகிறது. அட்டையை மொட்டை மாடியிலோ ஷட்டருக்கு வெளியிலோ வைத்தால் எலியோடு முடிவதில்லை. சிந்திய அரிசிக்குச் சிட்டுக்குருவி வரும். ஒட்டிக்கொண்டு துடிக்கும் கரப்பானையும் பல்லியையும் பார்த்து மைனா இறங்கும், இருட்டினால் புள்ளி ஆந்தை இறங்கும்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு குடோன் மாடியில் அப்படி மாட்டிய புள்ளி ஆந்தையைப் பார்த்தேன். ஒரு இறக்கை முழுக்க பசையில். திமிறத் திமிற அடுத்த இறக்கையும் ஒட்டியது. வயிற்றில் இறகு பிய்ந்து தோல் தெரிந்தது. மஞ்சள் கண்ணை விரித்து, அலகை டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் கெட்ட சகுனம் என்று கிட்டவே வரவில்லை. பூச்சியும் சுண்டெலியும் தின்கிற பறவை அது! கூகை என்கிற ஆந்தைக்கோ எலிதான் முக்கியச் சாப்பாடு. உங்கள் சரக்கைக் காக்கும் பறவைகளை நாமே கொல்கிறோம்.

ஆந்தைகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. விலங்குகளைத் தேவையில்லாமல் வதைப்பது 1960 வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டை கூடாது என்று அறிவுறுத்தியிருக்கிறது.

பழைய எலிக்கூண்டு போதும். ஓட்டைகளில் கம்பி வலை வைத்து சிமெண்ட் பூசுங்கள். ஷட்டருக்கு அடியில் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள். மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். கையிருப்பில் உள்ள அட்டைகளை ஏஜென்டிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதற்குள் பறவை ஏதாவது மாட்டினால் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள், இறக்கை முறிந்துவிடும். அப்படியே குப்பையிலும் போடாதீர்கள். மிச்சப் பசை மேல் மாவைத் தூவி, மெல்லிய துணியால் தலையை மூடுங்கள், மூக்கை மட்டும் அடைக்காமல். முடிந்தால் அட்டையோடு காற்றோட்டமான பெட்டியில் வைத்து, உடனே வனத்துறைக்கோ அரசு கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். எண்ணெய் தடவி நீங்களே விடுவித்துவிட்டாலும் சரி, உடனே பறக்கவிட வேண்டாம். எண்ணெய் ஊறிய இறகோடு அதால் பறக்கவும் முடியாது, குளிரையும் தாங்காது.

இப்படிக்கு,
மாட்டிய பறவைகளை மீட்கப் போகும் ஒரு மதுரைக்காரன்