அந்தப் பட்டியலில் தசையும் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் புற்றுநோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நோய் எங்கெல்லாம் பரவும் என்ற பத்தியில் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். அதில் தவறில்லை. பெரும்பாலோருக்கு அப்படித்தான் பரவுகிறது. ஆனால் தசை என்ற சொல் கட்டுரையில் எங்குமே இல்லை. என் அப்பாவுக்கு இந்த நோய் முதன்முதலில் தலைகாட்டியதே தொடைத் தசையில்தான்.

அப்பாவுக்கு இருமல் கிடையாது. சளியில் ரத்தம் வந்ததில்லை, மூச்சு வாங்கியதும் இல்லை. வலது தொடையில் உட்பக்கம் வலிக்கிறது என்றார், அவ்வளவுதான். சதைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள், தைலம் கொடுத்தார்கள். அம்மா தினமும் இரவில் நீவிவிடுவார். ஒருநாள் அப்படி நீவிக்கொண்டிருந்தவரின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து அங்கே வைத்து அழுத்தினார். தோலுக்கு வெகு கீழே கோலிக்குண்டு போலக் கெட்டியாக ஒன்று. மேலே தோல் நகர்ந்தது, அது நகரவில்லை. அப்பா தொடையை இறுக்கியதும் தசையோடு சேர்ந்து இறுகிக்கொண்டு விரலுக்கு அகப்படாமல் போயிற்று.

மறுநாளே கொண்டுபோய்க் காட்டினோம். எங்கேயாவது இடித்திருப்பார், ரத்தக்கட்டு, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். ஆறு வாரம் காத்திருந்தோம். கரையவில்லை, பெரிதானது. ராத்திரியில் புரண்டு படுக்க முடியாத அளவுக்கு வலி. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனாலும் இது ஏன் யாருக்கும் முதலில் தோன்றவில்லை என்பது பிறகு விளங்கியது. நம் உடல் எடையில் சுமார் 40 சதவீதம் எலும்புகளோடு இணைந்த தசைகள்தான். ரத்தம் தாராளமாகப் பாயும் இடம். புற்றுநோய் செல்களும் ரத்தத்தோடு அங்கே போகத்தான் செய்யும். போனாலும் அவை வேர்பிடிப்பது அபூர்வம். தசை ஓயாமல் சுருங்கி விரிவது, அதில் ரத்த ஓட்டம் கூடிக் குறைவது, வேலை செய்யும்போது லாக்டிக் அமிலம் சுரப்பது என்று மருத்துவர்கள் பல காரணங்களை முன்வைக்கிறார்கள். எதுவும் முடிந்த முடிவு அல்ல. ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889லேயே விதை, மண் என்று இதைப் பிரித்துச் சொன்னார்: விதை எங்கே விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். தசை அந்த வகையில் ஏற்காத மண். அதையும் மீறித் தசையில் கட்டி வந்த நோயாளிகளைப் பார்த்தால், அது கிளம்பிய இடமாக அதிகம் பேருக்குக் கண்டறியப்படுவது நுரையீரல். தொடை, பிட்டம், முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள், இடுப்பின் உள்ளே ஆழத்தில் கிடக்கும் தசை எல்லாவற்றிலும் வரலாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததும் குழப்பம் இன்னும் கூடியது. தசையிலேயே பிறக்கும் சார்கோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்று அறிக்கையில் இருந்தது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சார்கோமாவையும் வேறிடத்திலிருந்து பரவி வந்த கட்டியையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாதாம். சில சமயம் சீழ்க்கட்டிபோலக்கூடத் தெரியுமாம். சார்கோமா என்றால் சுற்றியுள்ள சதையோடு சேர்த்துப் பெரிதாக வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். நல்லவேளை, எங்களுக்கு வாய்த்த அறுவை மருத்துவர் அவசரப்படவில்லை. "முதலில் ஊசி, அப்புறம்தான் கத்தி" என்றார். ஊசியால் எடுத்த நூல்போன்ற சதைத் துணுக்குகளைச் சோதித்ததில் டி.டி.எஃப்-1 என்ற புரதம் தெரிந்தது. அது நுரையீரல், தைராய்டு செல்களின் அடையாளம். மார்பை ஸ்கேன் செய்தார்கள். இடது நுரையீரலின் மேல்பகுதியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது நோய் கிளம்பிய முதல் கட்டி.

"தொடையில் கேன்சராமே?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் சொன்னோம். தொடையில் இருந்தாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான் என்பதை ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நுரையீரலைத் தாண்டித் தசைக்கு வந்துவிட்டதால் நான்காம் நிலை. ஆனால் மார்புக்கு வெளியே ஒரே ஒரு கட்டியா, பலவா என்பதை மருத்துவர்கள் தனித்தனியாகவே கணக்கில் கொள்கிறார்கள். அதற்காக, புற்றுநோய் இருக்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட்-சிடி ஸ்கேன் எடுத்தபோது தோள்பட்டைத் தசையிலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அங்கே அப்பாவுக்கு வலியே இருந்ததில்லை.

தொடைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில வாரங்களில் வலி தணிந்து அப்பா புரண்டு படுத்துத் தூங்கினார். திசுவில் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. அப்பாவுக்கு இல்லை. கீமோவும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியும் கொடுத்தார்கள். 14 மாதம் எங்களோடு இருந்தார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தசைவலி வந்தவர்கள் எல்லாம் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். நூற்றில் ஒருவருக்குக்கூட வருகிற விஷயம் இல்லை இது. நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களின் கைகால் தளர்ந்து போனாலும் உடனே நோய் தசைக்குப் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நோயால் உடல் மெலிவதும் நரம்புக் கோளாறும் காரணமாக இருக்கலாம். நான் சொல்வது கெட்டியான, ஆழமான, வாரக்கணக்கில் வளர்கிற, ஓய்விலும் வலிக்கிற கட்டியைப் பற்றி மட்டும். இருமல் இல்லையே, புகைக்கிற பழக்கம் இல்லையே என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

இந்த நோயைப் பற்றி மறுபடி எழுதும்போது அந்தப் பட்டியலில் தசையையும் சேர்த்துவிடுங்கள். கூடவே, அது அங்கே வந்து சேர்வது ரத்தத்தின் வழியாக என்றும் ஒரு வரி எழுதுங்கள். தான் நீவிவிட்டதால்தான் கட்டி வந்தது என்று அம்மா இன்னும் நம்புகிறார். நீவத் தொடங்கும் முன்பே அது அங்கே இருந்தது என்று டாக்டர் சொன்னார், நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். உங்கள் பத்திரிகையை அம்மா ஒரு வரி விடாமல் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி