ஆர்ச்டீக்கனுக்கு மோட்சம் உண்டா?

அன்புள்ள கிரேஸி,

கிறிஸ்மஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவாய், தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே இங்கிலாந்தில் எல்லாரும் சுகம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை எப்படி? ஞானம் அக்கா செய்யும் முந்திரிக்கொத்தை அவர் கண்ணில் காட்டாதே.

விஷயம் இதுதான். இந்த ஊர்க் கோயிலில் எங்கள் மருமகனைச் சர்ச் வார்டனாக, அதாவது கோயில் கட்டடத்தையும் சாமான்களையும் பார்த்துக்கொள்ளும் சபையாராக, தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுற்றுவட்டார வார்டன்கள் எல்லாரையும் ஒரு கோயிலுக்கு வரவழைத்து, ஆர்ச்டீக்கன் முன்னால் பொறுப்பேற்க வைத்தார்கள். ஆர்ச்டீக்கன் என்றால் பேராயருக்குக் கீழே ஒரு வட்டாரத்துக் கோயில்களை மேற்பார்வை பார்க்கும் குரு. நானும் போயிருந்தேன். வந்தவர் ஒரு அம்மா. இங்கிலாந்துத் திருச்சபையில் 1996இல் டன்பிரிட்ஜில்தான் முதன்முதலாக ஒரு பெண் ஆர்ச்டீக்கன் ஆனாராம். ஆராதனை முடிந்ததும் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கூரை ஒழுகுகிறதா, கல்லறைத் தோட்டத்துச் சுவர் சரிந்துவிட்டதா என்று விசாரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து இந்தப் பதவியின் கதையைத் தேட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, 1070இல் வின்ட்சரில் கூடிய திருச்சபைச் சங்கம் பேராயர்கள் ஆர்ச்டீக்கன்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஒரு பேராயரின் கீழ் இருக்கும் திருமண்டலங்கள் அப்போது அவ்வளவு பெரியவை. லிங்கன் திருமண்டலம் ஹம்பர் ஆற்றிலிருந்து தேம்ஸ் வரை நீண்டு கிடந்தது. அதற்கு மட்டும் எட்டு ஆர்ச்டீக்கன்கள். பேராயரின் கண் என்று பெயர் அவர்களுக்கு. அந்தக் கண் ஊர் ஊராகப் போய்க் கோயிலைப் பார்க்கும், குருவைப் பார்க்கும், குருவானவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கும். போன இடமெல்லாம் சாப்பாடும் கட்டணமும் வேறு. 1179இல் ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் ஆர்ச்டீக்கன் ஐந்து, ஏழு குதிரைகளுக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது என்று வரம்பு போட்டது. யார் கேட்டார்கள்? பிறகு ஒரு ரிச்மண்ட் ஆர்ச்டீக்கன் பிரிட்லிங்டன் மடத்துக்கு 97 குதிரை, 21 நாய், 3 ராஜாளியோடு போய் இறங்கினார் என்று மடத்தார் போப்பிடமே முறையிட்டார்கள். பொன்னையா ஐயா விசிட்டுக்கு வருகிறார் என்றதும் உங்கள் வீட்டுக் கோழிகள் கொல்லைப்புறம் ஓடுமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சாலிஸ்பரி ஜான் என்ற அறிஞர் 12ஆம் நூற்றாண்டில் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆர்ச்டீக்கன்களுக்கு மோட்ச வழியே அடைபட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்த அந்த நண்பரே கடைசியில் ஹண்டிங்டன் ஆர்ச்டீக்கன் ஆகிவிட்டார். ஜான் சும்மா விடுவாரா? உன்னை மாதிரியே எழுத்தில் கிள்ளத் தெரிந்தவர்.

நம் பக்கத்துக்கும் இந்தப் பதவி வந்தது, ஏட்டி. 1813ஆம் வருஷச் சட்டப்படி கல்கத்தாவுக்கு ஒரு பேராயரும் மூன்று ஆர்ச்டீக்கன்களும் அனுமதிக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் சென்னைக்கு. 1835இல் சென்னையின் முதல் பேராயரான டேனியல் காரி, அதற்கு முன் கல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்தவர்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஆர்ச்டீக்கன் நடத்திய நீதிமன்றம். ஞாயிறு ஆராதனைக்கு வராதவன், ஓய்வுநாளில் வேலை செய்தவன், கல்யாணத்துக்கு முன்னே கர்ப்பமானவள் என்று எல்லாரையும் வார்டன்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் வந்துவிட்டால் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து, இவள் சொல்வது நிஜம் என்று சத்தியம் செய்ய வைக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் குற்றவாளிதான். வெள்ளைத் துணியைப் போர்த்தி, வெறுங்காலோடு, கையில் வெள்ளைக் குச்சியோடு சபை முன்னால் நின்று பாவத்தைச் சொல்ல வேண்டும். விடுதலையானாலும் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். 1641இல் பாராளுமன்றம் இதை ஒழித்தது. இருபது வருஷத்தில் திரும்ப வந்துவிட்டது. ஏழை எளியவர்களின் உயில்களும் 1858 வரை இங்கேதான் பதிவாகின. செத்தவர் வீட்டுப் பானை, கட்டில், பசு வரை பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது, கிரேஸி. அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. இந்தத் திருச்சபை நீதிமன்றங்களுக்குப் பெண்கள் தாங்களாகவே போயிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் அவதூறு வழக்குப் போட்டவர்களில் பெண்களே அதிகம். தெருவில் நின்று ஒருத்தி 'வேசி' என்று கத்தினால், கத்தியவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தலாம். சாட்சிகள் பேசிய பேச்சை எழுத்தர்கள் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். தையல்காரி, வேலைக்காரி, விதவை, எல்லாருடைய வாயும் அதில் இருக்கிறது.

ரோஸ்லின் நினைவுக்கு வந்தாள். அந்த மே மாதத்தில் கோயில் வாசலில் வைத்து அவளைத் தப்பாகப் பேசியவர்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அவள்தான் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்பட்டாள். நீயும் நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி சார் ஒருவர்தான் அன்று எழுந்து பேசினார்.

அவள் தூத்துக்குடியில் இருப்பதாக முன்பு சொன்னாயே. நம்பர் கிடைத்தால் அனுப்பு. ஜூலையில் ஊருக்கு வருகிறேன், இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
லில்லி