தொட்டிக்குள் ஊதும் காற்று: நியூட்ரினோவை எடைபோடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நியூட்ரினோ என்னும் மிக லேசான துகளின் நிறையை அளக்க அடுத்த சோதனைகளை வடிவமைக்கும் அணிகளுக்கு,

வணக்கம். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பலூனை ஊதி, தலைமுடியில் தேய்த்து, பூட்டிய தரைத்தள அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுவேன். பிறகு காற்றை இறக்கி, சுருங்கிய ரப்பரைக் கதிரியக்கம் காட்டும் கைகர் கருவியருகே வைத்தால் டிக் டிக் சத்தம் சடசடவென ஏறும். காற்றிலிருந்த ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டான வாரிசு அணுக்கள் பலூனில் ஒட்டிக்கொண்டதுதான் காரணம். மாலைக்குள் சத்தம் அடங்கிவிடும். "போயிடுச்சு டீச்சர்" என்பார்கள் பிள்ளைகள். எங்கே போனது? காரீயம்-210 ஆகி அங்கேயே கிடக்கிறது. அதன் அரை ஆயுள் 22 ஆண்டு.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் நியூட்ரினோவை எடைபோடும் கேட்ரின் சோதனையைப் படுத்தியதும் இந்தக் காரீயம்தான். அங்கே டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது எலெக்ட்ரானும் நியூட்ரினோவும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன; உச்ச ஆற்றலை நெருங்கும் எலெக்ட்ரான்களில்தான் நியூட்ரினோ நிறையின் தடம் தெரியும். அந்த ஆற்றல் எல்லையின் கடைசி ஒரு எலெக்ட்ரான்வோல்ட்டுக்குள் வருபவை பத்து லட்சம் கோடிக்கு இரண்டு. அவற்றை எண்ணும்போது பின்னணி, அதாவது வேறு வழியில் வந்து கலக்கும் எலெக்ட்ரான்கள், நொடிக்கு 0.01 இருக்கலாம் எனத் திட்டமிட்டார்கள். 2019இன் இரண்டாம் சுற்றில் இருந்தது ஏறத்தாழ 0.22. வெற்றிடத்துக்கான பம்புப் பட்டைகளிலிருந்து கசிந்த ரேடானைத் திரவ நைட்ரஜனில் குளிர்ந்த செப்புத் தடுப்புகள் பிடித்தன. சுவரில் இருந்ததை என்ன செய்வது? எலெக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் 23 மீட்டர் நீள எஃகுத் தொட்டிக்குள் கம்பிகள் பொருத்திய காலத்தில் வந்துபோன காற்று விட்டுச்சென்ற காரீயம் அது. துடைத்தால் போகாது, சிதைவின் உதைப்பில் எஃகுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அதன் வழிவந்த பொலோனியம் சிதையும்போது கிளர்ச்சியுற்ற அணுக்கள் சுவரிலிருந்து தெறிக்கின்றன. மின்னூட்டம் இல்லாததால் எந்தப் புலமும் அவற்றை மறிக்காது. நடுத் தொட்டியில் அறை வெப்பமே அவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்துவிடுகிறது; அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது இதுதான்!

தொட்டிக்குள் ஆற்றலைப் பிரிக்கும் தளத்தை, எலெக்ட்ரான்களை எண்ணும் உணரியின் பக்கம் நகர்த்தி, பின்னணியைப் பாதியாக்கினார்கள். 2025இல் நியூட்ரினோ நிறைக்கு 0.45 எலெக்ட்ரான்வோல்ட் என்ற உச்சவரம்பு வெளியானது. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் கறை படிந்தபின் போராடுவதைவிடப் படியாமல் காப்பது மேல்.

தூய அறை வடிகட்டி தூசியைப் பிடிக்கும். ரேடான் வாயு என்பதால் நழுவிவிடும். குளிர்வித்த கரிப்படுகை வழியே காற்றைச் செலுத்தினால்தான் அது தங்கும். கரும்பொருள் தேடும் எல்இசட் அணி தன் உணரியை ரேடான் குறைத்த அறையில்தான் பூட்டியது. அந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுதுங்கள், பின்னால் வெட்டவிடாதீர்கள். எந்தப் பாகம் எத்தனை மணி நேரம், எவ்வளவு ரேடான் உள்ள காற்றில் திறந்து கிடந்தது என்று நாள்தோறும் குறித்து, முடிவுகளோடு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை