இருமும் பிள்ளைக்கு மாஸ்க்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற கூட்டத்தில் நூலகக் கூரை திருத்துவதைப் பற்றிப் பேச வைத்திருந்த நேரத்தை மாஸ்க் விவாதம் விழுங்கிவிட்டது. "எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள்" என்று ஒரு பக்கம், "ஒரு பிரயோசனமும் இல்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதே" என்று மறுபக்கம். கூரை இன்னும் ஒழுகுகிறது. சரி, மாஸ்க் விஷயத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் தரம் 3 முதல், இருமலோ தடிமனோ உள்ள பிள்ளை அது அடங்கும்வரை மாஸ்க் அணிந்து வர வேண்டும். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டோம். 5 வயதுக்குட்பட்டோருக்குத் தேவையில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 2020இலேயே சொன்னவை. தரம் 1, 2 பிள்ளைகள் அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறார்கள்.

'பிரயோசனம் இல்லை' என்ற தந்தை காட்டியது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் என்ற அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட மீளாய்வு. அதே ஆண்டு மார்ச்சில் கொக்ரேனின் தலைமை ஆசிரியரே ஒரு விளக்கம் வெளியிட்டார். மாஸ்க் அணியும்படி மக்களை ஊக்குவித்தால் தொற்று குறைகிறதா என்பதைத்தான் அந்த மீளாய்வு பார்த்தது. தெளிவான விடை கிடைக்கவில்லை. மாஸ்க் வேலை செய்யாது என்று அதற்கு அர்த்தம் எடுப்பது தவறு என்றார். அணியச் சொல்வதற்கும் அணிவதற்கும் உள்ள தூரம் எந்த வகுப்பாசிரியருக்கும் தெரியும். இடைவேளையில் போய்ப் பாருங்கள்: பாதி மாஸ்க் தாடையில் தொங்கும். கிரிக்கெட் படம் போட்ட மாஸ்க்கை இரண்டு பையன்கள் மாறி மாறிப் போட்டுப் பார்த்ததை நானே பிடித்திருக்கிறேன்.

பங்களாதேஷில் 600 கிராமங்களில் நடந்த ஆய்விலும் இதே கதைதான். மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, ஆள் வைத்து நினைவூட்டியும், ஒழுங்காக அணிந்தவர்கள் 13 வீதத்திலிருந்து 42 வீதத்துக்குத்தான் கூடினார்கள். அப்படியிருந்தும் சத்திரசிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் வந்த கொவிட் ஏறத்தாழ 11 வீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 35 வீதம். பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மம்மா, தாத்தாவோடு ஒரே தொடர்மாடி வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது இலக்கம் முக்கியம்.

என்95 என்ற விலை கூடிய மாஸ்க் நன்றாக வடிகட்டும், ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பெரியவர்களின் அளவில் செய்ததைப் பத்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் கன்னத்துப் பக்கம் இடைவெளிதான். ஆகவே விலை கூடியதை வாங்க வேண்டாம். சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க் இருமுகிறவரின் வாயிலிருந்து தெறிப்பதைத் தடுக்கும். அதனால்தான் அதை இருமும் பிள்ளைக்குச் சொல்கிறோம். வியர்வையில் நனைந்தால் மாற்ற, பையில் இன்னொன்று இருக்கட்டும்.

இனி, மாஸ்க்கை விட எனக்குப் பெரிய கவலை தரும் விஷயம். காலை ஆறு மணிக்குப் பனடோல் கொடுத்து அனுப்பும் பிள்ளைக்குப் பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்பி வருகிறது. அதற்குள் பக்கத்து மேசைக்கும் கொடுத்தாயிற்று. மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே அனுப்புங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவும் மனதில் இருக்க வேண்டும், அதற்கு எந்த மாஸ்க்கும் உதவாது. இரண்டு நாள் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். முழு வரவுப் பரிசு போய்விடும் என்று சிலர் அனுப்புவது தெரியும். இந்தத் தவணையிலிருந்து, பெற்றோர் எழுதித் தரும் காய்ச்சல் நாட்கள் அந்தப் பரிசுக்குக் கழிக்கப்பட மாட்டாது.

வகுப்பு யன்னல்கள் மழை அடிக்காத நேரமெல்லாம் திறந்திருக்கும். வான்கள்தான் பிரச்சினை. தெஹிவளையிலிருந்து காலி வீதி நெரிசலில், யன்னலை மூடி ஏசி போட்டு, முக்கால் மணி நேரம் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து வருகிறார்கள். இரண்டு யன்னலையாவது திறந்து விடும்படி வான் சாரதியிடம் தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். காசு கொடுப்பவர் சொன்னால்தான் அவர் கேட்பார்.

நூலகக் கூரைக்கு அடுத்த கூட்டத்தில் முதல் இடம்.

இப்படிக்கு,
அதிபர்